நாங்கள் எடைக்குப் போட்ட பத்திரிகைகள்

எங்க சங்கத்து விழா மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. எழுதினேன். எழுதினதுல ஒரு பக்கத்தை எடுத்துப்போடச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். நடந்தது இம்புட்டுத்தானுங்க. இதுக்கே என்னை வாயாடின்னு பேர் கட்டியாச்சு.

சங்கம்னா தொழில் லைப்ரரிக்காரங்க சங்கமுங்க. மில்லு, ஆஸ்பத்திரி, ஆராய்ச்சி நிலையம் மாதிரி எடங்கள்ல மாடியில ஒரு ரூம் லைப்ரரியா இருக்கும். கதைப் புஸ்தகம் ஒண்ணுகூட இருக்காது. நான் இருக்கறது பம்பு மோட்டார் சோதிச்சுக் கொடுக்கற நிலையத்துல. "லைப்ரரியா? வாரப் பத்திரிகை எல்லாம் வருமுங்களா?"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே எனக்குத் தலை நரைச்சுது. என்கிட்ட இருக்கறது பம்பு பத்தின பழைய தொழில் பத்திரிகையும் வரைபடங்களும்தான்.

ஒருத்தர்கிட்ட இல்லாதது இன்னொருத்தர்கிட்ட இருக்கும். அதுக்காகத்தான் சங்கமே ஆரம்பிச்சாங்க. யார்கிட்ட எந்தப் பத்திரிகை எந்த வருசத்துலிருந்து இருக்குதுன்னு ஒரு கூட்டுப் பட்டியல் போட்டோம். போன் பண்ணினாப் போதும், மறுநாள் டவுன் பஸ்ஸுல கொண்டாந்து கொடுத்துருவாங்க. எங்க முதலாளிங்க ஒருத்தருக்கொருத்தர் போட்டி, நாங்க மட்டும் ஒத்துமை. இதையெல்லாம் எழுதினேன், தலைவருக்கு ரொம்பப் பிடிச்சுது. அடுத்த பக்கம்தான் பிடிக்கலை.

பட்டியல் வந்தப்புறம் எங்களுக்குப் புத்திசாலித்தனம் தலைக்கேறிப் போச்சுங்க. ஒரே பத்திரிகை அஞ்சாறு எடத்துல எதுக்கு? நல்ல செட்டு யார்கிட்ட இருக்குதோ அவங்க வெச்சுக்கட்டும், மத்தவங்க எடைக்குப் போட்டு எடத்தை மிச்சம் பண்ணலாம்னு தீர்மானம் போட்டோம். அதைக் கொண்டாந்தவர் இப்பத்தத் தலைவர். வழிமொழிஞ்சது ஆருன்னு நெனைக்கறீங்க? நானேதான். வெச்சுக்கறவங்க "உங்களுக்கும் சேத்து நாங்க பாத்துக்கறோம்"னு ஒரு சீட்டுல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கோணும். சோமனூர்ப் பக்கத்துல ஒரு மில் லைப்ரரி சீட்டுக் கொடுத்துச்சுன்னு, தறி பத்தினதைப் பூராவும் நாங்க எல்லாரும் எடைக்குப் போட்டோம். நான் சீட்டுக் கொடுத்தேன்னு பம்பு பத்தினதை மத்தவங்க எல்லாரும் போட்டாங்க. இப்படி ஒரு காரியத்தை லைப்ரரிக்காரங்களைத் தவிர வேற ஆரும் செய்ய மாட்டாங்க.

அந்த மில் லைப்ரரியைப் போன வருசம் மூடிப்போட்டாங்க. அங்கிருந்த லைப்ரரியன் ரிட்டயராகி மக ஊட்டுக்குப் போயிட்டார். புதுசா வந்த மேனேஜருக்குச் சீட்டும் தெரியாது, சங்கமும் தெரியாது. எல்லாத்தையும் லாரியில ஏத்தி அனுப்பிட்டார். ஒரு தறிக்காரர் என்கிட்ட வந்தப்பத்தான் விசயமே தெரிஞ்சுது. பழைய தறிக்கு ஒரு பாகம் செய்யோணும், வரைபடம் வேணுமுன்னு வந்தார். பட்டியல்ல இருக்குது. மில்லுல இல்லை. ஈரோடு வரைக்கும் போன் போட்டேன், எங்கயும் இல்லை. "இல்லீனாப் பரவால்லீங்க அம்மணி"ன்னு தன்மையாச் சொல்லிட்டுப் படியிறங்கிப் போனார். திட்டியிருந்தாத் தேவலைங்க. எனக்கு மானமே போச்சு.

இதைத்தான் எழுதினேன். தலைவர் எழுபது தாண்டினவர், ஆஸ்பத்திரி லைப்ரரியில இருந்து ரிட்டயரானவர், குரலை ஒசத்தத் தெரியாத மனுசன். "விழா மலருங்க இது. நாலு பேர் பாப்பாங்க. அந்தப் பக்கம் மட்டும் வேண்டாமுங்களே"ன்னார். நாலு பேர் பாக்கோணும்னுதானே எழுதினேன்!

அதே வாரம் எங்க மேனேஜர் என்ற ரூமுக்கு டேப்போட வந்து சுவரை அளந்தார். பயிற்சிக் கூடம் வரப்போகுதாம். "எல்லாம் நெட்டுல இருக்குதுங்களே மேடம்"னார். "எங்க இருக்குது, காட்டுங்க"ன்னேன். போனை வெச்சுத் தேடினார். ஒரு அட்டைப்படம் மட்டும் வந்துது. "இதை வெச்சுப் பம்பு ஓட்டுங்க பாக்கலாம்"னேன். மனுசனுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "இந்தச் செட்டு வேற எங்கயும் இல்லைன்னு எழுத்துல கொண்டாங்க. ரெண்டு வாரம் டைம்"னுட்டுப் போயிட்டார்.

எழுத்துல எப்படிங்க கொண்டாறது? நாங்களே எடைக்குப் போட்டோம்னு மத்த ஏழு லைப்ரரியும் ஒத்துக்கிட்டாத்தான் உண்டு. ஒத்துக்கிட்டா அவங்கவங்க ஆபீஸ்ல கேள்வி வரும். ஒத்துக்கலைன்னா என்ற ரூமுக்கும் லாரி வரும்.

பொதுக்குழு அன்னிக்கு டீயும் காராபூந்தியும் முடிஞ்சதும் நான் எந்திரிச்சு, எங்க மேனேஜர் எழுத்துல கேட்டதைச் சொல்லிட்டு அந்தப் பக்கத்தைப் படிச்சேன். "ஏனுங்க, எதுக்குப் பழசைக் கெளறறீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டார்.

"பழசை வெச்சுக் காப்பாத்தறதுதானுங்க நம்ம சோலி. வேறெதுக்குச் சம்பளம் வாங்கறோம்?"

அதோட என்ற வாய் நிக்கலை. "வழிமொழிஞ்சது நான்னு என்ற பேரை மொதல்ல எழுதியிருக்கேன். தறிக்காரர்கிட்ட வரைபடம் இல்லைன்னு நான் சொன்னேன். நாளைக்குப் பம்புக்காரர் வந்தா உங்கள்ல ஆரு சொல்லப் போறீங்க?"

தலைவர் கையை நீட்டிப் பேப்பரை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமாப் படிச்சார்.

"தீர்மானம் கொண்டாந்தது ஆருன்னு எழுதலையேம்மா"ன்னார்.

மரியாதைக்காக நான்தான் விட்டிருந்தேன். அவரே பேனாவை எடுத்துத் தன்ற பேரை எழுதினார். அடியில கையெழுத்தும் போட்டுட்டு, "இப்போ எல்லார்த்துக்கும் கொடுங்க"ன்னார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துபோச்சு. ஏழு பேரும் போட்டாங்க. ஒருத்தர் மொணமொணத்துட்டேதான் போட்டார். போட்டாரில்ல, எனக்கு அது போதும்.

எங்க மேனேஜர் அதை ரெண்டு தடவை படிச்சார். "இப்படியுமா செய்வாங்க?"ன்னார். "செஞ்சோமுங்க"ன்னேன். ஆனாப் பயிற்சிக் கூடமும் வேணுமேன்னு தலையைச் சொறிஞ்சார். இழுத்துப் பறிச்சதுல பாதி ரூம் போச்சு. அலமாரியெல்லாம் ஒட்டுக்கா நெருக்கி வெச்சோம், ஒரு ஆள் பக்கவாட்டுல நுழையற அளவுக்குத்தான் சந்து. என்ற மேசைக்கு எடமில்லை. "நீங்க எங்க உக்காருவீங்க மேடம்?"னு கேட்டார். "அந்த வெசனம் உங்களுக்கு வேண்டாமுங்க"ன்னேன்.

இப்போ வராந்தாவுல, தண்ணி கேனுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். கூட்ட வாறவங்க காலைத் தூக்கச் சொல்றாங்க, தூக்கிக்கறேன். போன வாரம் பல்லடத்துலிருந்து ஒரு பம்புக்காரர் வந்தார். கம்பெனி மூடி வருசக்கணக்காச்சாம், அந்த மாடலுக்கு வரைபடம் இருக்குதுங்களான்னு சந்தேகமாத்தான் கேட்டார்.

"இருக்குதுங்க"ன்னேன், மேனேஜர் ரூம் வரைக்கும் கேக்கற மாதிரி.