துருவேறிய குழாய்

என் மகள் ராணியின் மூளையைக் கெடுத்தவன் நான்தான். ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பழியை என் மனைவி பேச்சி சுமக்கிறாள். நான் சுமக்க விட்டேன்!

நீங்கள் என்னைப் பார்த்தால் நல்லவன் என்றுதான் சொல்வீர்கள். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோருக்கு நான் பொறுப்பு. என் கையில் உலர்ந்த காய், பறித்த பச்சை மாறாமல் போடிக்கு இறங்கும். அதில் எனக்கு அப்படியொரு கர்வம்... அந்தக் கர்வம்தான் என் குடியைக் கெடுத்தது.

ஸ்டோர் என்பது அடைத்துக் கட்டிய அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். புகையும் சூடும் ஓர் இரும்புத் தகரக் குழாய் வழியாக அறைக்குள் ஓடிக் கூரைக்கு மேலே போகும். அந்தச் சூட்டில் காய் உலரும். பாதியில் தீயை அணைத்தாலோ கதவைத் திறந்து வைத்தாலோ பச்சை வெளுத்துவிடும்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மழைநாள். குழாயில் துருவேறி ஓர் ஓட்டை விழுந்திருப்பதைக் காலையில் பார்த்தேன். தீயை அணைத்திருக்க வேண்டும். அணைத்தேனா? இல்லை... ஈரமண்ணைக் குழைத்து அப்பிவிட்டு, காயைக் கிளறிவிடப் பேச்சியை உள்ளே அனுப்பினேன். அவளுக்கு அப்போது ஏழு மாதம்!

"ஏங்க, தலை சுத்துதுங்க. கதவைச் செத்த திறந்து விடுங்க" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"பச்சை போயிரும் பேச்சி. வெரசா கிளறிட்டு வந்துரு" என்றேன்.

அதன்பிறகு சத்தமே இல்லை. கதவைத் திறந்தபோது காய்த்தட்டுகளுக்கு இடையில் கிடந்தாள். மண் காய்ந்து உதிர்ந்து, ஓட்டை புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. தூக்கிவந்து மழைக்காற்றில் கிடத்தினேன். வெகுநேரம் கழித்துத்தான் கண் விழித்தாள். "வெறும் வயித்தோட நின்னா மயக்கம் வராம என்ன செய்யும்?" என்று அவளையே கடிந்துகொண்டேன். அவளும் நம்பினாள்.

அடுத்த வாரம் தன் தம்பி கல்யாணத்துக்காகச் சிலமலைக்கு ஜீப்பில் கிளம்பினாள். "புள்ளத்தாச்சி இந்த வளைவுல குலுங்கிப் போகலாமா?" என்று என் தாய் தடுத்தாள். நானும் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. ஒரே தம்பி ஆயிற்றே!

ராணி பிறந்தாள். இரண்டு வயதாகியும் தலை நிற்கவில்லை. மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பேச்சியைப் பிள்ளையோடு வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: "வயித்துல இருக்கும்போது அம்மா எங்கயாச்சும் புகையில மாட்டி மயங்கினாங்களா?"

ஏன் என்றேன்.

"மூச்சு தடைப்பட்டு மறுபடி காத்து வருதில்ல, அந்தக் காத்தே மூளையை அரிச்சிரும்ங்க. இரும்பைத் துரு அரிக்கிற மாதிரி. பெரியவங்க மூளையில அதைத் தடுக்கச் சத்து இருக்கு. வளர்ற மூளைக்கு அது இன்னும் வந்திருக்காது."

துரு! என் கண்ணுக்கு முன்னால் அந்தக் குழாய்...

"அப்படி ஒண்ணும் நடக்கலீங்கய்யா" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? உண்மை தெரிந்தால் பேச்சி இனி என் முகத்தில் விழிப்பாளா என்ற பயம். அவ்வளவுதான்... அதற்கு மேல் ஒரு காரணமும் என்னிடம் இல்லை.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரு என்ன சொன்னாரு? நான் ஜீப்புல போனதுதானே...?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே, பாவி!

அன்று முதல் அவள் ஜீப்பில் ஏறியதில்லை. தம்பி வீட்டு வாசலை மிதித்ததில்லை. மருந்து வாங்கப் போடிக்குப் போய்த் திரும்பும்போது, பஸ் நிற்கும் இடத்திலிருந்து தோட்டம் வரைக்கும், வளர்ந்த பிள்ளையை இடுப்பில் சுமந்து மலையேறுகிறாள். ஜீப்காரர்கள் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பின்னால் மருந்துப் பையோடு நடக்கிறேன்.

போன வாரம் ராணிக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று அழுதாள். "அன்னிக்கே வேணாம்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல. என்னைய மன்னிச்சிருங்க" என்று என் காலைத் தொட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... வாய்வரைக்கும் வந்தது.

"விடு பேச்சி, நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றேன்.