வீரனை இடுப்போடு வெட்டச் சொன்ன பல் டொக்டர்

“இடுப்போட வெட்டி விடுங்கோ. மேல் பக்கம் மட்டும் காணும்.”

லாசாலில் உள்ள படங்களுக்குச் சட்டம் போடும் எங்கள் ஃபிரேம் கடைக்கு வந்து இப்படிச் சொன்னவர் பல் டொக்டர் வாசுகி. புவாண்ட்-கிளேரில் புதுக் கிளினிக் திறக்கவிருந்தார். அவர் வெட்டச் சொன்னது நானூறு வருடப் பழைய ஒல்லாந்துப் பிரின்ட். செப்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி அச்சடித்தது. ரோமாபுரி வீரன் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஒவ்வொரு தசையும் பூசணிக்காய் அளவு. இடுப்புக்குக் கீழே உடுப்பே இல்லாதது போல இருந்தது.

“கிளினிக்கில பிள்ளையள் வந்து இருக்கிற இடம். அங்க இவன்ர பின்பக்கத்தைத் தொங்கவிடலாமோ?”

கணவர் ரமணன் அரைக் காற்சட்டையோடு பக்கத்தில் நின்றார். மனைவிக்குப் பரிசாக அதை நாலு வருஷம் தேடி வாங்கியவர் அவர்தான்.

“அக்கா, வெட்ட விடாதேங்கோ,” என்று என் காதில் சொன்னார். மனைவியிடம் சொல்லத் துணிவில்லை. வீரம் முழுவதும் படத்தில்தான் இருந்தது.

முதலாளி அன்ரன் அண்ணை, “கேட்டபடி செய் பிள்ளை. நல்ல கஸ்டமர்,” என்றார்.

எனக்குக் கொதித்தது. “நான் வெட்டமாட்டன். வெட்டினா பேந்து ஒட்டேலாது. வேணுமெண்டா நீங்கள் வெட்டுங்கோ, நான் வீட்ட போறன்.”

அண்ணை கத்தியைத் தொடவில்லை. டொக்டருக்கு முகம் சிவந்தது.

“ஒரு கடதாசிக்கு இவ்வளவு கோவமோ?”

“வடிவில்லையெண்டு நல்ல பல்லைப் பாதியில வெட்டுவியளோ டொக்டர்?”

உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் கையில் திணித்தேன். “எந்தக் கோட்டில வெட்டிறது? நீங்களே காட்டுங்கோ.”

குனிந்தார். வாய்க்குள் பார்த்துப் பழகிய கண். இடுப்பிலிருந்து மெல்லக் கீழே போய், முழங்காலுக்குக் கீழே நின்றது.

“இதென்ன, விளிம்பு மாதிரி?”

நானும் பார்த்தேன். மயிர் போல ஒரு கோடு காலைச் சுற்றி ஓடியது. உடம்போடு ஒட்டிய காற்சட்டை.

“ஐயோ, இவன் உடுத்திருக்கிறான்!”

“ஓம். உங்கட அவரைவிட நீளமா,” என்றேன்.

டொக்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு, “முழுசாப் போடுங்கோ. பிள்ளையள் கேட்டா நான் விளங்கப்படுத்துறன்,” என்றார். ரமணனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த விளிம்பை நானும் அதுவரை கண்டதில்லை. இத்தனை வருட வேலைக்குப் பிறகும் பார்க்காமலே சண்டைக்குப் போயிருக்கிறேன். இப்போது யாராவது வெட்டச் சொன்னால் முதலில் கண்ணாடியைக் கையில் கொடுக்கிறேன். சண்டை அதற்குப் பிறகு.