கறி படாத தட்டு

பார்பெக்யூ அடுப்பை ஒருவர் ஒரு முறைதான் வாங்குவார். அதன்மேல் வைக்கும் கம்பித் தட்டுக்காகக் கடைசிவரை வந்துகொண்டிருப்பார்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் வெல்டிங் பட்டறை. உள்ளே என் கணவர் இரும்பு கேட்டும் ஜன்னலும் அடிப்பார். பெங்களூரில் வேலை பார்த்து ஊரில் வீடு கட்டுகிறவர்கள் இப்போது கொல்லையிலோ மொட்டை மாடியிலோ ஓர் அடுப்பு வைக்கிறார்கள். அதோடு வரும் தட்டு ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. பட்டறையின் முன்பக்கத்தில் மாற்றுத் தட்டு விற்கலாம் என்பது என் யோசனை. அதே இடத்தை ஓர் இளநீர் வியாபாரி வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். புரட்டாசி முடியும்வரை பார்ப்போம், ஓடாவிட்டால் அவருக்கு விட்டுவிடலாம் என்றார் கணவர். புரட்டாசியில் எங்கள் பக்கம் பல வீடுகளில் கறி கிடையாது. அது தெரிந்துதான் அவர் அந்த மாதத்தைச் சொன்னார். தெரிந்துதான் நானும் சரி என்றேன்.

சாண் கணக்கு

அளவு கேட்டால் கையை விரித்துக் காட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நல்லம்பள்ளியிலிருந்து வந்தவர் டிரம்மை நீளவாக்கில் வெட்டி அடுப்பு செய்திருந்தார். நீளத்தையும் அகலத்தையும் சாணில் சொன்னார். டேப்பில் அளந்துவிட்டு வரச் சொன்னேன். தன் சாணில் இதுவரை தப்பு வந்ததில்லை என்றார். அவர் கையையே அளந்து தட்டு அடித்துக் கொடுத்தோம். மறுநாள் கோழியோடு சேர்ந்து தட்டும் கரிக்குள் விழுந்துவிட்டது.

அதன்பிறகு, அடுப்பின் வாயில் அட்டையை வைத்து வெட்டிக்கொண்டு வந்தால்தான் தட்டு என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் அதையே சொன்னேன். அட்டை கிடைக்கவில்லையென்று டிரம்மையே மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த சாம்பலைக்கூடக் கொட்டிவிட்டு வரவில்லை. புதுத் தட்டைப் பொருத்திப் பார்த்து, அசைத்துப் பார்த்து, திருப்தியான பிறகு சொன்னார்: "என் சாணு சரிதாங்க. டிரம்முதான் கொஞ்சம் பெருசாப் போச்சு."

வெள்ளையாக்கிய இரும்பு

வார்ப்பிரும்புத் தட்டு கனமானது. சூட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கறியில் கோடு கோடாகச் சிவந்த தழும்பு விழுவது அதில்தான். ஆனால் தோசைக்கல்லைப் போல எண்ணெய் காட்டி வைத்திருக்க வேண்டும். இதை ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து வரும் ஓர் ஆசிரியை தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் வாங்கிப் போனார். சில வாரம் கழித்துத் தட்டைப் பழைய புடவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். முழுக்கத் துரு. புளி போட்டு, பாத்திரம் விளக்கும் பொடி போட்டு, வெள்ளையாகும்வரை தேய்த்து, தண்ணீரில் ஊறவும் வைத்திருக்கிறார்.

வீட்டுத் தோசைக்கல்லையும் இப்படித்தான் தேய்ப்பீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"தோசைக்கல்லு சமையக்கட்டுல இருக்கறதுங்க. இது கறி பட்டது. தேய்க்காம எப்படி வூட்டுக்குள்ள கொண்டு போறது?"

வேலி வலை

ஒகேனக்கல் சாலையில் விடுதி நடத்துகிற ஒருவர் காரை நிறுத்தினார். மீன் சுட நிறையத் தட்டு வேண்டும் என்றார். மீனை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து அப்படியே திருப்பிப் போடும் மடிப்புத் தட்டைக் காட்டினேன். சாதாரணத் தட்டில் மீன் தோல் ஒட்டிக்கொண்டு சதை பிய்ந்துவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை. அவர் கண் அதில் இல்லை. மூலையில் பளபளவென்று சுருட்டி வைத்திருந்த ஜி.ஐ. வலைமேல் இருந்தது. அதை வெட்டிச் சட்டம் அடித்துக் கொடுத்தால் போதும் என்றார்.

அது வேலிக்கு, அதில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது, தீயில் வைத்தால் நச்சுப் புகை வரும் என்றேன். பக்கத்துக் கடைகளில் கொடுக்கிறார்களே என்றார். கொடுக்கட்டும், நான் கொடுக்க மாட்டேன் என்றேன். அதே பூச்சுள்ள ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைத்த அன்றெல்லாம் என் கணவருக்குக் குளிர்காய்ச்சல் வருவதைப் பார்த்தவள் நான். கார் போய்விட்டது. உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கணவர் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "நீ சொன்னது நெசந்தான். ஆனா நெசம் சொல்லியே இந்த எடத்த இளநிக்காரருக்குக் குடுத்துருவ போல."

புரட்டாசி

மாதம் பிறந்தது. ஒருவரும் வரவில்லை. தொங்கும் தட்டுகளைத் துடைப்பேன், மறுபடி மாட்டுவேன். இளநீர்க்காரர் வந்து, எந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினால் வெயில் படாது என்று பார்த்துவிட்டுப் போனார்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆசிரியை சொன்னது திரும்ப வந்தது. ஊரில் அத்தனை அடுப்பும் சும்மா கிடப்பதற்குக் காரணம் அடுப்பு அல்ல, தட்டு. கறி பட்ட தட்டில் விரதக்காரர்கள் எப்படிச் சோளம் சுடுவார்கள்? சின்னச் சின்னத் துளை போட்ட எவர்சில்வர் தகடு இருந்தால் மக்காச்சோளம், சக்கரவள்ளிக்கிழங்கு, காளான் எதுவும் கரியில் விழாது. மாதிரிக்கு ஒன்று அடிக்கக் கணவரிடம் சொன்னேன். கேட் வேலை நிற்கிறது என்றார். புரட்டாசி இன்னும் முடியவில்லை என்றேன். அடித்தார். கறித் தட்டோடு கலந்துவிடாமலிருக்க அதன் கைப்பிடியை வளையமாக வளைக்கச் சொன்னேன். 'கறி படாத தட்டு, உங்கள் பழைய அடுப்புக்கே' என்று பலகையில் எழுதி மாட்டினேன்.

ஆசிரியைக்குப் போன் செய்து சொன்னேன். மாமியாரோடு வந்தார். அந்த அம்மா தகட்டைத் தட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, இதில் ஒரு தடவைகூடக் கறி வைக்கவில்லையே என்று இரண்டு விதமாகக் கேட்டுவிட்டு வாங்கினார். அடுத்த சனிக்கிழமை அவர்கள் தெருவிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். பிறகு ஏரியூரிலிருந்துகூட அட்டை வெட்டிக்கொண்டு வந்தார்கள். கணவர் கேட்டைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத் தகட்டுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் இளநீர்க்காரர் சாவகாசமாக வந்து நின்றார். கணவர் டிரில்லை நிறுத்தாமலே சொன்னார்: "அண்ணா, அந்தப் புளியமரத்தடியில போட்டுக்குங்க. இங்க வூட்டுக்காரி கடை இருக்குது."

ஐப்பசி முதல் ஞாயிறே வளையக் கைப்பிடித் தட்டில் யாரோ கோழியை வைத்துவிட்டார்கள் என்று ஆசிரியை புதிய தட்டுக்கு வந்து நின்றதால், இந்தத் தொழில் நிலைக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம்.