ராசாவைத் துரத்தியவரின் மகன்

கனடாவில், மில்லிக்கன் என்ற இடத்தில் சமோசா செய்யும் தொழிற்சாலையொன்றில் என்னோடு வேலை செய்பவர் ஒரு நேபாளக்காரர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான் இருக்கும். அதனால் அவரோடு மட்டும் கூச்சமில்லாமல் பேசுவேன்.

இளவயதில் அவர் தன் நாட்டு ராசாவுக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர். ராசா பாராளுமன்றத்தை ஒதுக்கிவிட்டுத் தானே ஆள வெளிக்கிட்டாராம். தொலைபேசிகளையும் நிறுத்தினாராம். அதுவரை பொறுத்திருந்த கடைக்காரர்கள்கூடக் கதவைப் பூட்டிவிட்டு ஊர்வலத்துக்கு வந்தார்கள் என்பார். ராசா அரண்மனையை விட்டுப் போனபோது கைக்குழந்தையான மகனைத் தோளில் வைத்து ஆடினாராம். பிறகு அரசுகள் மாறிக்கொண்டே இருந்தன, வேலைதான் வரவில்லை. அவர் கட்டாருக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தார். மகன் தாயோடு வளர்ந்தான்.

இப்போது அந்த மகன் தெருவில் நிற்கிறான், ராசா திரும்பி வர வேண்டும் என்று. ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததாக ஒருநாள் காலையில் செய்தி வந்தது. மகன் தொலைபேசியை எடுக்கவில்லை.

அவர் நிற்கும் மா பிசையும் பக்கம் நாங்கள் தொலைபேசி கொண்டுபோக முடியாது. பெட்டி மடிக்கும் மூலையில் மட்டும் வைத்திருக்கலாம். அது என் இடம். மேற்பார்வை பார்க்கும் தமிழரிடம் போய் நின்றேன்.

"அண்ணை, இண்டைக்கு அவரைப் பெட்டிக்கு விடுங்கோவன். நான் மாவுக்குப் போறன்."

"உமக்குக் கதைக்கத் தெரியுமே? இவ்வளவு நாளும் ஊமையெண்டெல்லோ நினைச்சனான்."

விசயத்தைச் சொன்னேன்.

"தேப்பன் கலைச்ச ராசாவை மகன் கூப்பிடுறானோ? நல்ல குடும்பம். சரி, மாறுங்கோ."

மதியத்துக்குச் சற்று முன் அவர் தொலைபேசியைக் காதில் வைப்பதைக் கண்டேன். என் கையெல்லாம் மா. இடைவேளை வரை நகர முடியவில்லை.

மகன் உயிரோடு இருந்தான். காலில் தடியடி. விடிந்ததும் நொண்டிக்கொண்டாவது திரும்பப் போவானாம். "நீங்கள் ராசாவைத் துரத்தினீர்கள், எனக்கு அப்பாவும் இல்லாமல் போனதுதான் மிச்சம்" என்றானாம்.

"போகாதே என்று சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். 'உங்கள் அப்பா சொன்னபோது நீங்கள் நின்றீர்களா?' என்கிறான்."

அவர் மடித்து வைத்த பெட்டிகளைப் பார்த்தேன். எல்லாவற்றையும் உட்புறம் வெளியே தெரிய மடித்திருந்தார். அவர் பக்கத்தில் குந்தி, ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்ப மடிக்கத் தொடங்கினேன்.