கடைசி இரண்டு வரிகள்

நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்களுக்கு நேர் மேல்வீட்டில் ஒரு ரஷ்யக் கவிஞர் குடியிருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். சொந்த ஊரில் நடத்திவந்த கவிதை இதழை நிறுத்தவேண்டி வந்ததும் இங்கே வந்தாள். வாரத்தில் மூன்று நாள் நூலகத்தில் வேலை. மிச்ச நாட்களில் அதே இதழைத் தன் சாப்பாட்டு மேஜையிலிருந்து நடத்துகிறாள். ஆசிரியர், பிழை திருத்துபவர், தபால்தலை ஒட்டுபவர் எல்லாமே அவள்தான்.

அவள் எடிட் செய்வது கீழே எனக்குக் கேட்கும். வந்த கவிதையைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வீட்டுக்குள் நடப்பாள். நடை நின்றால் யாரோ ஒரு பாவப்பட்டவரின் வரி அடிபட்டுப் போகிறது என்று அர்த்தம். முதல் தடவை அவள் என் வீட்டுக் கதவைத் தட்டியதும் அந்தக் காதை வைத்துத்தான். தினமும் நாலு விசில் கேட்குமே, இன்று இரண்டோடு நின்றுவிட்டதே, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். குக்கர் கேஸ்கட் போய்விட்டது என்றேன். அன்றைக்கே சிநேகிதமாகிவிட்டோம்.

கல்லூரியில் நான் கவிதை எழுதியதை ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டாள். இதழில் மொழிபெயர்ப்புக்கென்று ஒரு பக்கம் உண்டாம், இந்தத் தடவை அது காலியாம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம், எழுதிக் கொடு என்றாள். இருபத்தைந்து வருஷமாக மருந்துக் கம்பெனிக்கு ரிப்போர்ட் தவிர வேறொன்றும் எழுதாதவள் நான். ஆனாலும் ஆசை யாரை விட்டது? அந்தப் பக்கத்தில் என் கவிதை வந்தே தீரவேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது.

நடந்ததையே எழுதினேன். பனி கொட்டிய காலையில் அரைமணி நேரம் இடுப்பொடியக் காரைத் துடைக்கிறேன். சாவியை அழுத்தினால் அடுத்த கார் கீச்சென்கிறது. நான் துடைத்தது பக்கத்து வீட்டுக்காரருடையது! அவர் ஜன்னலில் காபியோடு நின்று கையாட்டுகிறார். அதற்குக் கீழே இரண்டு வரி சேர்த்தேன்: 'உன் பனி என்றும் என் பனி என்றும் உண்டோ? உலகெங்கும் வெண்மை ஒன்றே!'

ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதி எடுத்துப்போனேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு, உன் மொழியில் படி என்றாள். கண்ணை மூடி, ஒரு விரலால் மேஜையில் தட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கடைசி இரண்டு வரி வேண்டாம் என்றாள். தமிழில் ஒரு எழுத்து தெரியாதவள்! எதை வைத்துச் சொல்கிறாய் என்றேன்.

"அதுவரை என்னிடம் பேசிக்கொண்டிருந்தாய். அங்கே வந்ததும் மைக்கைப் பிடித்துவிட்டாய்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! கவிதை என்றால் முடிவில் ஒரு கருத்து வேண்டாமா? பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ்ச் சங்கம் வரை நாங்கள் அப்படித்தானே கைதட்டு வாங்கியிருக்கிறோம்? தாளைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன்.

"அந்த கார் மேட்டர் சூப்பர். கடைசில மட்டும் நீ ஆனுவல் டேல ஸ்பீச் குடுக்கற மாதிரி இருக்கு" என்றார்.

இரண்டு பேரோடும் இரண்டு நாள் பேச்சை நிறுத்தினேன். மேலே மட்டும் நடை கேட்டுக்கொண்டே இருந்தது. என் பக்கத்துக்கு வேறு யாரையாவது பிடித்துவிட்டாளோ என்று மாடிப்படி வரை போய்ப் போய்த் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. காலையில் அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு, அடுப்படியில் நின்று படித்துப் பார்த்தேன். கையாட்டுவதோடு கவிதை முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்ய!

மேலே ஓடினேன். அவள் கதவைத் திறந்ததும் வெளியே நின்றபடியே தாளை நீட்டினேன். சட்டென்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கம் நிறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவளோ என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் தாளை வாங்கினாள். வாசற்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று எதையும் கொடுத்து வாங்கக் கூடாதாம் அவர்கள் ஊரில். அட, எங்கள் ஊரிலும்தான்! வாசலில் நின்று டெலிவரி பெட்டி வாங்கி வாங்கி எனக்குத்தான் மறந்துபோயிருக்கிறது. பக்கம் எனக்காகக் காலியாகவே இருந்தது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன்.

மத்தியானமே ரஷ்ய மொழியில் பெயர்த்து எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். நான் கையைப் பிடித்து உள்ளே இழுக்கும்வரை வாசலிலேயே நின்றாள். அவள் படிக்க, நான் கண்ணை மூடி விரலால் தட்டினேன். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் ஓரிடத்தில் விரல் தானாக நின்றது.

"நாலாவது வரி. அங்கே நீ மைக்கைப் பிடித்துவிட்டாய்" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. அவளுக்கு ரொம்பப் பிடித்த வரியாம் அது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

என்ன ஆச்சு என்று கேட்க வந்த என் வீட்டுக்காரரைக் கையமர்த்தினேன். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே நடை, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும், விடாமல் கேட்டது. பிறகு நின்றது.