களிம்பு டாக்டருக்கு வந்த பன்னிரண்டு காயக்காரர்கள்

பத்து வருடம் தோல் நோய் பார்த்துவிட்டு முப்பத்தெட்டு வயதில் படையில் சேர்ந்த அந்த டாக்டருக்கு, களப்பயிற்சி முகாமில் முதல் நாளே ‘களிம்பு டாக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். புது டாக்டர்களுக்கு ஆறு வாரம் பயிற்சி என்றபோது, நாலு வகுப்பும் காலையில் கொஞ்சம் ஓட்டமும் இருக்கும் என்று நினைத்திருந்தார். கிடைத்ததோ பதினெட்டு கிலோ முதுகுப்பை, காற்றடித்தால் மூஞ்சியில் வந்து விழும் கூடாரம், வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தும் கிளம்பிய தண்ணீர்த் தொட்டிக்கே மூன்று முறை திரும்பி வந்து சேரும் பாக்கியம்.

“இதுக்கா ராத்திரி பகலா கண்ணு முழிச்சுப் படிச்சேன்?” என்று தினமும் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வாரம் தேர்வு. சிவப்புச் சாயம் பூசிய பன்னிரண்டு சிப்பாய்கள் மைதானத்தில் கிடப்பார்கள். ஒவ்வொருவன் கழுத்திலும் ஒரு சீட்டு. என்ன காயம், கவனிக்காவிட்டால் எத்தனை நிமிடம் தாங்குவான் என்று அதில் இருக்கும். நேரம் முடிந்தால் அவன் செத்துவிட்டான்; எழுந்து மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இரண்டு பேர் வரை சாகலாம். மூன்றாவது ஆள் போனால் டாக்டர் தோல்வி.

களிம்பு டாக்டர் முதல் ஆளிடமே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் வெட்டு. பழக்கதோஷம், துடைத்து, ஓரம் சேர்த்து, சுருக்கமில்லாமல் கட்டுப் போட்டு நிமிர்ந்தபோது மரத்தடியில் ஏழு பேர்.

“டாக்டர், நான் செத்துப் பத்து நிமிஷம் ஆச்சு. டீ வருமா?” என்று ஒருவன் கையாட்டினான்.

தேர்வு நடத்திய கேப்டன் அவரைவிடப் பத்து வயது சின்னப் பெண். கட்டைக் குனிந்து பார்த்தாள். “ரொம்ப அழகா இருக்கு சார். அந்த ஏழு பேருக்குத்தான் பாக்கக் குடுத்து வைக்கல.”

சனிக்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதிலும் போனால் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நிரந்தர வேலையும் குடியிருப்பும் வரப்போகிறது என்று நம்பி அவர் மனைவி வேலையை விட்டுவிட்டு, பாத்திரத்தையெல்லாம் பெட்டியில் கட்டிவைத்திருந்தாள்.

“ஏங்க, வீட்டுக்காரம்மா புது ஆளுக்கு வீட்டைக் காட்டியாச்சு. முப்பதாம் தேதி காலி பண்ணணும். பாஸ் ஆயிடுவீங்கல்ல?” என்றாள் போனில்.

“பாக்கறேன்.”

“பாக்கறேனா? ஒரு பருவைப் பாத்து ஏழு வியாதி சொல்லுவீங்க, இதுக்கு ஒரு பதில் இல்லியா?”

சனிக்கிழமை அவர் முழங்காலை மடக்கவே இல்லை. ஒரு பார்வை, முகாமே ‘நெட்டை’ என்று கூப்பிடும் உதவியாளப் பெண்ணுக்கு ஒரு உத்தரவு, சீட்டில் ஒரு கிறுக்கல், அடுத்த ஆள்.

“நெட்டை, இவன் தொடையை இறுக்கிக் கட்டும்மா. அப்படியே அவனுக்கு வலி ஊசி போட்டுடு. டேய், நீ கத்துற, அப்ப மூச்சு இருக்கு. அப்புறம் வரேன்.”

“டாக்டர், எனக்குக் காலே போச்சு!”

“பெருவிரல் சுளுக்குன்னு சீட்டுல இருக்கு. பேசாம கெட.”

நாற்பது நிமிடம் முடிந்தபோது மரத்தடியில் இரண்டே பேர். டாக்டருக்குச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அப்பாடா என்று முதுகை நிமிர்த்தும்போது கேப்டன் சீட்டுகளை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒன்றைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள்.

“இவருக்கு வலி ஊசி எத்தனை மணிக்கு?”

“எழுதியிருக்கேனே!”

“படிங்க.”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பத்து இருபதாக இருக்கலாம். அவருடைய கையெழுத்தாகவும் இருக்கலாம்.

“பத்து இருபதா இருக்கும்.”

“இருக்குமா? பின்னால ஆஸ்பத்திரியில இதைப் படிக்க முடியாம இன்னொரு ஊசி போடுவாங்க. இவர் மூச்சு நின்னுடும்.” அவள் தலையசைத்தாள். சிப்பாய் குஷியாக எழுந்து மரத்தடிக்கு நடந்தான். மூன்றாவது ஆள்.

“பத்து வருஷமா இதே எழுத்துதாங்க! மருந்துக்கடைக்காரன் படிச்சுடறானே!” டாக்டர் கத்தியே விட்டார்.

“மருந்துக்கடைக்காரர் இங்க இல்லையே சார்.”

அப்போது உதவியாளர் நெட்டை தொண்டையைக் கனைத்தாள். “மேடம், அவன் தொப்பியைக் கொஞ்சம் கழட்டச் சொல்லுங்க.”

நெற்றியில் கறுப்பு மையில் பெரிதாக: ஊசி 10.20.

“சீட்டுல சார் எழுதறது எனக்கே வெளங்கறதில்ல மேடம். அதான் போட்ட கையோட அங்க எழுதிட்டேன்.”

கேப்டன் சீட்டையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள். “உதவியாளர் செஞ்சதும் டாக்டர் கணக்குல சேரும். யோவ், வா இங்க. நீ சாகல.”

“இப்பத்தான் மேடம் டீயைக் கையில வாங்கினேன்!” என்று புலம்பிக்கொண்டே அவன் திரும்பி வந்து படுத்தான்.

டாக்டருக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முந்தி வந்தது. எரிச்சலோடேயே நெட்டைக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

“பாஸ்.”

“அப்பாடா! லாரிக்குச் சொல்லிடறேன். புது வீட்டு விலாசத்தை எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க.” பிறகு அவசரமாக, “வேணாம் வேணாம், வாயால சொல்லுங்க. நானே எழுதிக்கறேன்.”