கரையக்காவும் கரைப்புல்லும்

புல்லின் இலை தண்டைவிட்டுப் பிரியும் மடிப்பைக் கீழுதட்டில் வைத்து மெல்ல இழுத்துப் பார்க்கிறார் கரையக்கா. அரிவாள் பிடித்துக் காய்த்துப்போன விரலுக்குத் தட்டுப்படாதது உதட்டுக்குத் தட்டுப்படும். மடிப்பில் பூனைமயிர் உரசினால் அது கரைப்புல், அந்த மண்ணிலேயே பிறந்தது. வெங்காயத்தோல்போல வழுக்கினால் வந்தேறி.

குடிநீர் ஏரியின் மண்கரையில் பத்தொன்பது வருடமாகப் புல்லறுக்கிறார். குத்துக்கு நாலு விரல் அடிக்கட்டை விட்டுத்தான் அறுப்பார். தூங்குகிற பிள்ளைகளைத் தாண்டுவதுபோல, குத்துகளுக்கு இடையில் பாதம் வைத்து நடப்பார்.

பம்ப் அறையில் வேலை பார்க்கும் கணவருக்கு அதில் குறை. "எனக்குக் காய்ச்சல்னா தொட்டுப் பாக்கமாட்டா. புல்லுக்கு மட்டும் முத்தம்."

"நீங்களா கரையைத் தாங்குறீங்க? அது தாங்குது."

இந்தக் கோடையில், ஆய்வுக்கு வந்த கல்லூரி ஆசிரியர் கரைப்புல்லைக் களை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சரிவு முழுக்க மருந்தடித்து அழகுப்புல் பதிக்க உத்தரவு. மழைக்கு ஒரு வாரம்கூட இல்லை. வேர் பிடிக்காத மண் முதல் மழையிலேயே கரைந்து இறங்கும். கீழே முந்நூறு வீடுகள், கரையக்காவின் வீடும் சேர்த்து.

முதுகில் மருந்துத்தொட்டியோடு ஆட்கள் வந்த காலையில், அடிக்கவேண்டிய இடத்தைக் காட்டச் சரிவெங்கும் சிவப்புக்கொடி நட்டிருந்தது. கரையக்கா குறுக்கே நின்றார். ஏரிப் பொறியாளரும் அந்த ஆசிரியரும் காரைவிட்டு இறங்கினார்கள்.

"வழிய விடுங்கம்மா. சார் லென்ஸ் வச்சுப் பாத்துதான் எழுதியிருக்காரு," என்றார் பொறியாளர்.

"எங்க பறிச்சுப் பாத்தாராம்?"

ஆசிரியர் கரையடியில் இருந்த வாசல்கதவைக் காட்டினார். "மேல ஏறக் கால் வழுக்குச்சு, அங்கயே பறிச்சேன். எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சுதேன்னு..."

"பூ வராதப்ப அப்படித்தான் சார் தெரியும். நம்ம எல்லாருக்கும் மொட்டையடிச்சு நிறுத்தினா, எங்க வீட்டுக்காரர் யாருன்னு எனக்கே தெரியாது."

தொட்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கரையக்கா சிரிக்கவில்லை. "கதவோரம் இருக்கிறது லாரி டயரோட வந்தது. மேல பத்து, கீழ பத்து பறிச்சுக் கலந்து குடுங்க. நான் கண்ணை மூடிக்கிறேன்."

இந்த முறை ஆசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் ஏறினார். இருபது தண்டுகளும் ஒவ்வொன்றாகக் கரையக்காவின் உதட்டைத் தொட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்தன. அவற்றை லென்ஸில் பார்க்க ஆசிரியருக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

"இருபதும் சரி. நான் எழுதினதுதான் தப்பு," என்றார். நாலு பேர் முன்னால் இதைச் சொல்வது எளிதல்ல. சத்தமாகவே சொன்னார். "மேல இருக்குற புல்லுல கை வைக்கவேண்டாம். கதவோரத்துக்கு மட்டும் மருந்து போதும்."

பொறியாளர் தலையசைத்து முடிப்பதற்குள் கரையக்கா பாதிச் சரிவு ஏறிவிட்டார். கொடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு கட்டாக மார்போடு அணைத்து இறங்கி, கதவோரம் வரிசையாக நட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் கொடிக்கு உரிய இடத்தில் பொறியாளரின் கார் நின்றது. கரையக்கா கொடியை ஒரு கையில் பிடித்தபடி, அரிவாள் நுனியால், பின்னால் எடுங்கள் என்று காட்டினார்.